மனசாட்சிக்காக வேலையை விடும் உரிமை

'இந்தச் செய்தியைப் போடாதே' என்று எழுத்தில் வந்த உத்தரவு ஒன்றைக்கூட என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. நாளிதழ் டெஸ்க்கில் துணை ஆசிரியராகச் சேர்ந்து, பிற்பாதியில் தொலைக்காட்சிச் செய்தி அறைக்குப் போய் ஓய்வு பெற்றவன் நான். செய்தியைத் திருத்துவதும், தலைப்பிடுவதும், எது எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வதும்தான் என் தொழில். உத்தரவே வராமல் செய்திகள் சுருங்கியதையும், உள்பக்கத்துக்கு நகர்ந்ததையும், 'நாளைக்குப் பார்ப்போம்' என்று ஒதுக்கப்பட்டு மறைந்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் சொல்லாத ஒன்றை எல்லோரும் எப்படிச் செய்கிறோம்? ஊடகத்தின் அரசியல் சார்பு பற்றிப் பேச்சு வந்தால் உரிமையாளர் எந்தக் கட்சி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்பது என் அனுபவம்: அங்கே வேலை பார்ப்பவரை எவ்வளவு எளிதாக வெளியே அனுப்பிவிட முடியும்?

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் டெஸ்க்கில் உட்கார்ந்தபோது பி.டி.ஐ., யு.என்.ஐ. செய்திகள் டெலிபிரிண்டரில் ஆங்கிலத்தில் வந்துகொண்டே இருக்கும். கிழித்துக் கொடுப்பார்கள், நாங்கள் தமிழில் எழுதுவோம். மாவட்ட நிருபர்கள் அவசரமானதை ட்ரங்க் காலில் சொல்வார்கள். மற்றதைக் கவரில் போட்டு பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்கள். இரவு ஏற ஏறப் பக்கங்கள் ஒவ்வொன்றாக மூடும்.

சார்பு எந்த வழியாக நுழைகிறது என்பதை அந்த மேசையில்தான் கற்றேன். தலைவரின் பெயரை எப்படி எழுதுவது என்பதிலேயே தொடங்கிவிடும். ஒரு பத்திரிகையில் 'கலைஞர்', இன்னொன்றில் 'கருணாநிதி'. ஒன்றில் 'புரட்சித் தலைவி', இன்னொன்றில் 'ஜெயலலிதா'. அடுத்தது படம். ஒரே கூட்டத்தை மேடைக்கு முன்னால் நின்று எடுத்தால் மக்கள் கடல்; பின்னால் போய் எடுத்தால் காலி நாற்காலிகள். இரண்டும் உண்மையான படங்கள்தான். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது டெஸ்க்கின் கையில். எல்லாவற்றையும்விட நுட்பமானது, பத்திகளின் வரிசை. குற்றச்சாட்டு முதல் பத்தியில், அதற்கான பதில் ஆறாவது பத்தியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள். பதில் போய்விடும், குற்றச்சாட்டு நிற்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த தலைமைத் துணை ஆசிரியருக்கு இதெல்லாம் அத்துபடி. பதிலை இரண்டாவது பத்திக்கு மேலே ஏற்றாமல் எந்தச் செய்தியையும் அவர் கம்போசிங்குக்கு அனுப்பியதில்லை. "வெட்டணும்னா வெட்டுங்க தம்பி. ஏன் வெட்டுனீங்கன்னு வாசகர் வந்து கேட்டா அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா, அதை மட்டும் யோசிங்க" என்பார். அந்த ஒரு அளவுகோல்தான் எனக்குக் கடைசிவரை பயன்பட்டது.

ஒரு மில் நகரத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது தடியடி நடந்தது. நிருபரின் செய்தியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் விவரம் இருந்தது. அரசுத் தரப்பில் 'கூட்டத்தைக் கலைக்க லேசான தடியடி' என்று அறிக்கை வந்தது. இரவு நிர்வாகத்திடமிருந்து தொலைபேசி வந்தது. "அந்த மில் மேட்டர் என்ன ஆச்சு?" என்ற விசாரிப்பு மட்டும்தான். அந்த விசாரிப்புக்கு என்ன பொருள் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தலைமைத் துணை ஆசிரியர் அரசின் அறிக்கையையும் நிருபரின் விவரத்தையும் அடுத்தடுத்து வைத்து முதல் பக்கத்தில் போட்டார். அடுத்த வாரம் அவரை வாரமலர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆனால் அவர் சம்பளத்தைத் தொட முடியவில்லை, பதவியைக் குறைக்க முடியவில்லை, வெளியே அனுப்பவும் முடியவில்லை. சில மாதங்களில் தேர்தல் வந்தது; அவர் இல்லாமல் டெஸ்க் திணறியது; திரும்பக் கூப்பிட்டார்கள். அதே நாற்காலி, அதே அளவுகோல்.

அவர் துணிச்சல்காரர்தான். ஆனால் அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்ததை நான் மெல்லத்தான் தெரிந்துகொண்டேன். நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையிலான முதல் பத்திரிகை ஆணையம் 1954-ல் அறிக்கை கொடுத்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தை இயற்றியது. தொழில் தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பு பத்திரிகையாளருக்கும் கிடைத்தது. ஆட்குறைப்பு செய்வதானால் ஆசிரியருக்கு 6 மாதம், மற்றப் பத்திரிகையாளருக்கு 3 மாதம் முன்னறிவிப்பு தர வேண்டியிருந்தது. நான்கு வாரங்களுக்கு 144 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக் கூடாது என்றிருந்தது. சம்பளத்தை ஊதியக் குழு நிர்ணயித்தது.

அந்தச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு பிரிவு இருந்தது. மூன்றாண்டு வேலை பார்த்தவர் தானாக விலகினாலும் பணிக்கொடை கிடைக்கும் என்று முதலில் இருந்தது. எக்ஸ்பிரஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில் 1958-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1962-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியபோது அதை வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தது: பத்திரிகையாளர் வேறு எந்தக் காரணத்துக்காக விலகினாலும் பத்தாண்டுப் பணி வேண்டும், மனசாட்சியின் காரணமாக விலகினால் மூன்றாண்டு போதும். ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பதால் மூன்றாண்டுக்கு ஒன்றரை மாதச் சம்பளம்தான் வரும். தொகை சிறியது. ஆனால் ஒரு தொழிலாளிக்கு மனசாட்சி உண்டு, அதற்காக அவர் வேலையை விடலாம், விடும்போது முதலாளி பணம் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று இந்தியத் தொழிலாளர் சட்டம் ஒன்று சொன்னது எனக்கு இன்றும் வியப்பு.

பிரான்ஸ் இதை 1935-லேயே செய்துவிட்டது. அங்கே பத்திரிகை கைமாறினாலோ, அதன் போக்கு கண்கூடாக மாறிப் பத்திரிகையாளரின் மானத்துக்கோ நற்பெயருக்கோ இழுக்கு என்றானாலோ அவர் விலகலாம். வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு உரிய இழப்பீடு அவருக்கும் கிடைக்கும். அது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளத்துக்குக் குறையாது. உரிமையாளருக்குக் கொள்கையை மாற்றும் உரிமை உண்டு; அந்த மாற்றத்துக்கு எழுதுகிறவர் தன் கையையும் பெயரையும் தர வேண்டியதில்லை. இரண்டு சுதந்திரங்களுக்கும் நடுவில் வைத்த நியாயமான தராசு அது.

விலகுவது தமிழ்ப் பத்திரிகை உலகத்துக்குப் புதிதல்ல. 'தி இந்து'வைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1898-ல் அதிலிருந்து விலகித் தன் 'சுதேசமித்திர'னோடு நின்றார். தனிநபர் சத்தியாகிரகத்தில் சிறை செல்வதற்காகக் கல்கி 'ஆனந்த விகட'னை விட்டார். வெளியே வந்து 1941-ல் சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி'யைத் தொடங்கினார். அதற்கான மூலதனத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நடித்து ஈட்டிய பணமும் சேர்ந்தது. 'தினமணி'யின் முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் உரிமையாளரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1943-ல் வெளியேறி 'தினசரி'யைத் தொடங்கினார். புதுமைப்பித்தன் உட்படப் பலர் அவரோடு போனார்கள். இவர்களைப் பற்றி இளைஞர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்தே சொல்வேன்: விலகியவர்களுக்குப் போக இன்னொரு பத்திரிகை இருந்தது, அல்லது அதைத் தொடங்கப் பணம் கொடுக்க ஆள் இருந்தது. வீட்டு வாடகை கட்ட வேண்டிய ஒரு துணை ஆசிரியர் விலகினால் அவருக்கு என்ன இருக்கிறது? சட்டம் அவரைப் போன்றவருக்காகத்தான் எழுதப்பட்டது.

நடைமுறையில் அந்தச் சட்டத்தின் வேலிக்கு வெளியே எப்போதும் ஒரு பெருங்கூட்டம் நின்றது. தாலுகாக்களில் இருக்கும் பகுதி நேர நிருபர்களைச் சொல்கிறேன். பலருக்கு நியமனக் கடிதம் கிடையாது; அடையாள அட்டை ஒன்று, மாதம் ஒரு சிறு தொகை, அல்லது அச்சான செய்தியின் நீளத்துக்கு ஏற்ற பணம். பொங்கல் மலருக்கும் தீபாவளி மலருக்கும் தலைவர்களின் பிறந்தநாள் சிறப்புப் பக்கத்துக்கும் விளம்பரம் பிடித்துத் தருவதும் இவர்கள் வேலையாகவே இருந்தது. பேரூராட்சித் தலைவரின் குடிநீர் ஒப்பந்தத்தில் ஊழல் என்று எழுத வேண்டியவர், அதே தலைவரிடம் வாழ்த்து விளம்பரத்துக்குப் போய் நிற்க வேண்டும். கமிஷன் அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி. அவரை யாரும் தடுக்கவில்லை. ஊழல் செய்தி அவர் ஊரிலிருந்து வரவில்லை, அவ்வளவே. டெஸ்க்கில் இருக்கும் எனக்கு, வராத செய்தியைத் திருத்த வழியில்லை.

மேலே, பெரிய அளவில், இதையே அரசின் விளம்பரங்கள் செய்தன. எந்தக் கட்சி ஆண்டாலும் விளம்பரம் நின்றுபோவது ஒரு தகவலாகவே நிர்வாகத்துக்குப் போய்ச் சேரும். ஒரு கட்டுரை வந்தபின் டெண்டர் அறிவிப்புகள் நிற்கும். நிர்வாகம் கணக்குப் பார்க்கும். கணக்கு ஆசிரியர் அறைக்கு வரும். அங்கிருந்து டெஸ்க்குக்கு இறங்கி வரும்போது அது 'கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க' என்ற மூன்று சொல்லாகியிருக்கும்.

தொண்ணூறுகளுக்குப் பிறகு நிரந்தரப் பணி குறைந்து ஒப்பந்தப் பணி வந்தது. இரண்டாண்டு, மூன்றாண்டு ஒப்பந்தம். புதுப்பிப்பதும் விடுவதும் நிர்வாகத்தின் விருப்பம். என் கண்ணெதிரே டெஸ்க்கின் குணம் மாறியது. முன்பு ஒரு தலைப்பைப் பற்றிச் சத்தமாக வாதாடிய அறையில், ஒப்பந்தம் முடியும் மாதம் நெருங்கினால் பேச்சே இருக்காது. நீதிபதி மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரை 2011 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதில் 20(ஜே) என்று ஒரு பத்தி: பழைய சம்பளமே போதும் என்று விரும்புகிறவர் அதையே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பத்தியைக் காட்டிப் பல இடங்களில் ஊழியர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். குறைந்த சம்பளம் கொடுக்க அந்தப் பத்தி வழியாகாது, ஒப்பந்த ஊழியருக்கும் ஊதியக் குழு பொருந்தும் என்று 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் கேட்டால்தானே கிடைக்கும்? தன் சட்டபூர்வமான சம்பளத்தைக் கேட்கப் பயப்படும் ஒருவர், அமைச்சரிடம் கேள்வி கேட்பார் என்று எதிர்பார்ப்பது எப்படி?

நான் தொலைக்காட்சிக்குப் போனபோது அந்த வேலியே இல்லை. 1955-ம் ஆண்டுச் சட்டம் அச்சுப் பத்திரிகைக்கானதாக இருந்தது; கேமராவுக்கு முன்னால் நின்றவர் அதன் கணக்கில் பத்திரிகையாளராகவே இல்லை. தமிழ்நாட்டில் தனியார் தொலைக்காட்சி வளர்ந்த விதமும் தனி. 1993-ல் சன் டிவி, 1999-ல் ஜெயா டிவி, 2006-ல் மக்கள் தொலைக்காட்சி, 2007-ல் கலைஞர் தொலைக்காட்சி, 2010-ல் கேப்டன் டிவி என்று, கட்சிகளின் நிழலிலோ கட்சித் தலைவர்களின் குடும்பத்தார் கையிலோ ஒவ்வொன்றாக வந்தன. கட்சி ஊடகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 'விடுதலை'யிலும் 'முரசொலி'யிலும் 'தீக்கதி'ரிலும் வேலை பார்த்தவர்கள் எந்தக் கொடியின் கீழ் நிற்கிறோம் என்று தெரிந்தே போனார்கள். வாங்குகிறவருக்கும் அது தெரியும். நடுநிலை என்று பலகை வைத்துவிட்டு உள்ளே வேறு கணக்குப் போடும் இடத்தில்தான் ஊழியரும் வாசகரும் சேர்ந்து ஏமாறுகிறார்கள்.

தொலைக்காட்சியில் எல்லாம் வேகம். கீழே ஓடும் வரியை ஒருவர் மாற்றினால் அடுத்த நொடி மாநிலமே படிக்கும். ஒரு விவாதத்தில் நெறியாளர் ஆளுந்தரப்பை விடாமல் கேள்வி கேட்டால், மறுநாள் சில மாவட்டங்களில் கேபிளில் படமே தெரியவில்லை என்று தொலைபேசி வரும். அந்த நெறியாளரை அடுத்த வாரம் விவாதத்திலிருந்து எடுத்து மதியச் செய்திக்குப் போடுவார்கள். தண்டனை என்று யாரும் பெயர் வைக்க மாட்டார்கள். 'ஷிஃப்ட் மாற்றம்' என்பார்கள்.

எங்கள் அறையில் ஒரு இளைஞர் இருந்தார். ஒரு சாதி ஆணவக் கொலையைக் கண்டித்துத் தன் சொந்த முகநூல் பக்கத்தில் எழுதினார். கட்சிக்காரர்கள் அந்தப் பதிவைப் படமெடுத்து நிர்வாகத்தின் கணக்கோடு இணைத்துப் பரப்பினார்கள். மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. ஒப்பந்தத்தில் 'நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்' என்று ஒரு வரி இருந்தது. அதோடு ஒரு மாத முன்னறிவிப்பில் காரணம் சொல்லாமல் நீக்கலாம் என்றும் இருந்தது. இரண்டாவதைப் பயன்படுத்தினார்கள். காரணம் சொல்லாவிட்டால் மறுக்கவும் எதுவும் இல்லை. "அண்ணே, நான் எழுதுனதுல எது பொய்னு மட்டும் அவங்க சொல்லட்டும்ணே" என்று கேட்டுவிட்டுப் போனார். அதே அலுவலகத்தில் ஒரு மூத்தவர் அமைச்சரின் பிறந்தநாளுக்குச் சால்வை போர்த்திய படத்தைத் தன் பக்கத்தில் வைத்திருந்தார். அது களங்கம் ஆகவில்லை.

2020-ல் சில தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் மூத்த பத்திரிகையாளர்களைக் குறிவைத்து, அவர்கள் ஒரு சித்தாந்தத்தின் ஆட்கள் என்று இணையத்தில் பெரும் பிரச்சாரம் நடந்ததும், அவர்களில் சிலர் பணியிலிருந்து விலகியதும் எல்லோருக்கும் தெரியும். அப்போதிலிருந்து ஒரு வழி பழக்கமாகிவிட்டது. செய்தி தவறென்று நிரூபிக்க வேண்டாம். செய்தியாளரின் நம்பிக்கை என்ன என்று காட்டினால் போதும். இந்தக் கட்சி அந்தக் கட்சி என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் இதைக் கற்றுக்கொண்டார்கள்.

வெளியிலிருந்து வரும் அடியைத் தாங்க நமக்குத் தெரியும். 1987-ல் ஆனந்த விகடன் அட்டைச் சித்திரத்துக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டப்பேரவை 3 மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே அவரை விடுவித்தார்கள். 2003 நவம்பரில் 'தி இந்து'வைச் சேர்ந்த ஐவருக்கும், அதன் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்ட 'முரசொலி'யின் ஆசிரியருக்கும் பேரவை 15 நாள் சிறை என்றது. சில நாட்களுக்குள் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டு முறையும் பத்திரிகையாளர்கள் தெருவில் இறங்கினார்கள். முகநூல் பதிவுக்காகப் போன அந்த இளைஞருக்காக யாரும் இறங்கவில்லை. அவர் வேலை இழந்தது எந்தப் பத்திரிகையிலும் ஒரு சிறு செய்தியாகக்கூட வரவில்லை.

அரசியல் சாசனத்தில் கருத்துரிமை தரும் 19(1)(அ) கூறு அரசிடமிருந்து நம்மைக் காக்கிறது. முதலாளியிடமிருந்து காப்பதில்லை. முதலாளிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நிருபர் ஓய்வு நேரத்தில் அரசியல் பிரச்சாரங்களில் ஈடுபட்டார் என்று நாளிதழ் அவரை நிருபர் பணியிலிருந்து காப்பி டெஸ்க்குக்கு மாற்றியது. அரசியல் ஈடுபாட்டுக்காக ஊழியரிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்ற மாநிலச் சட்டம் அவர் பக்கம் இருந்தது. 1997-ல் மாநில உச்ச நீதிமன்றம், தன் நம்பகத்தன்மையைக் காத்துக்கொள்வது பத்திரிகையின் சுதந்திரத்தில் அடங்கும் என்று நாளிதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தேர்தல் செய்தி எழுதுபவர் கட்சிப் பொறுப்பில் இருக்கக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் டெஸ்க்குக்கு மாற்றினால் சார்பு தீர்ந்துவிடும் என்ற நினைப்பை ஏற்க முடியவில்லை. நிருபர் எழுதியதை எங்கே வைப்பது, எங்கே வெட்டுவது என்பதெல்லாம் டெஸ்க்கில்தான் நடக்கிறது. கட்டுப்பாடு வேண்டுமானால் அது முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும். அமைச்சருக்குச் சால்வை போர்த்துபவருக்கும், விளம்பரம் பிடிப்பவருக்கும், உரிமையாளருக்கும் சேர்த்தே இருக்கட்டும்.

பழைய சட்டத்தின் இடத்தில் இப்போது 2020-ல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் 2025 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. இவற்றில் ஒரு நன்மை உண்டு: மின்னணு ஊடகத்திலும் டிஜிட்டல் ஊடகத்திலும் வேலை பார்ப்பவரும் இனி உழைக்கும் பத்திரிகையாளரே. மற்ற நிரந்தரத் தொழிலாளருக்கு ஐந்தாண்டு என்றால் பத்திரிகையாளருக்கு மூன்றாண்டிலேயே பணிக்கொடை. ஆனால் பத்திரிகையாளருக்கென்று இருந்த ஊதியக் குழு போய்விட்டது. மனசாட்சியின் காரணமாக விலகுவது என்ற பேச்சும் சட்டத்திலிருந்து போய்விட்டது.

அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கிறேன். அச்சு, தொலைக்காட்சி, இணையம் எல்லாவற்றுக்கும் பொதுவாக, பிரெஞ்சுச் சட்டத்தைப் போல உண்மையான இழப்பீட்டோடு. காரணத்தை எழுத்தில் சொல்லாமல் எந்தப் பத்திரிகையாளரையும் நீக்கக் கூடாது. தாலுகா நிருபருக்கு நியமனக் கடிதமும் மாதச் சம்பளமும் வேண்டும். விளம்பரம் பிடிக்கும் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட வேண்டும். சங்கங்கள் இவற்றை ஊதியக் கோரிக்கைக்கு அடுத்த இடத்தில் வைக்கக் கூடாது. பக்கத்திலேயே வைக்க வேண்டும். வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. உங்கள் ஊர்ச் சாக்கடை பற்றிய செய்தி ஏன் வரவில்லை என்று பத்திரிகையைக் கேட்கும்போது, உங்கள் ஊர் நிருபருக்கு என்ன சம்பளம் தருகிறீர்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். முதல் கேள்விக்கான பதிலில் பாதி, இரண்டாவதன் பதிலில் இருக்கிறது.